விங்கராகச் சேர்ந்த பையனை லெஃப்ட் பேக்காக இறக்குகிறார்கள், திரும்ப அழைத்துக்கொள்ளலாமா?

வியாசர்பாடி மாமன்:
அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்கு வயது 14. முல்லை நகர் மைதானத்தில் கால்பந்து ஆடி வளர்ந்தவன், சென்ற ஆண்டு டிரயல்ஸில் தேர்வாகி ஒரு தொழில்முறை கிளப்பின் அகாடமியில் தங்கிப் பயிற்சி பெறுகிறான். சேர்ந்தது லெஃப்ட் விங்கராகத்தான், அதாவது இடது ஓரமாக முன்னேறித் தாக்கி ஆடுபவனாக. எதிரே நிற்பவன் எந்தக் காலில் எடையை ஊன்றுகிறான் என்று பார்த்து, அந்தப் பக்கமே பந்தைத் தட்டிவிட்டுக் கடந்துவிடுவான். ஆனால் இந்த சீசன் தொடங்கியதிலிருந்து பயிற்சியாளர் அவனை இடது ஓரத்தில் பின்னால் நின்று தடுத்தாடும் லெஃப்ட் பேக்காகவே இறக்குகிறார், அதுவும் பாதி ஆட்டத்துக்கு மட்டும். நவம்பரில் பிறந்தவன் என்பதால் அணியிலேயே அவன்தான் குள்ளம். ஞாயிற்றுக்கிழமை போனில், "மாமா, என்னை ஒதுக்குறாங்க போல இருக்கு" என்றான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவன் அப்பா, அழைத்து வந்து படிப்பைப் பார்க்கச் சொல்வோம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பெரம்பூர் கோச்:
தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நம் மைதானங்களில் மாலை ஐந்து மணிக்கு ஒரே இடத்தில் மூன்று ஆட்டம் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். அந்த நெரிசலில் ஆடுகிற பையனுக்குக் கால் பேசும், கையகல இடத்திலும் பந்தைக் காப்பாற்றிக்கொள்வான். ஆனால் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி ஆட்களைப் பார்த்துவைப்பதும், பந்து பறிபோன அடுத்த நொடியே பின்னால் ஓடுவதும் அங்கே வராது. பதினொரு பேர் ஆடும் முழு மைதானத்தில் அவை இல்லாத விங்கரை எந்தப் பயிற்சியாளரும் நம்பி இறக்கமாட்டார். லெஃப்ட் பேக்கின் கண் முன்னே மொத்த ஆட்டமும் விரிந்து கிடக்கும். தன்னை நோக்கி ஓடி வரும் விங்கர் எப்போது உள்ளே வெட்டுவான், எப்போது கோட்டோரமாகப் போவான் என்று தவிக்கும்போதுதான், விங்கராக ஆடும் தன்னிடம் எதிரி எதற்குப் பயப்படுகிறான் என்பதும் நம் பையனுக்குப் புரியும். இங்கிலாந்து கிளப்பான அர்செனலின் புகாயோ சாகாவைப் பாருங்கள். அந்த கிளப்பின் ஹேல் எண்ட் அகாடமியில் சிறு வயதிலிருந்து வளர்ந்த விங்கர், 2019-20 சீசனில் காயங்களால் ஆள் குறைந்தபோது பெரும்பாலும் லெஃப்ட் பேக்காக ஆடினார். பிறகுதான் வலது விங்கில் நிலைத்தார்.

நம் ஊர் நந்தகுமார் சேகரையும் பையனுக்குக் காட்டுங்கள். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த சென்னை விங்கர் அவர்.

தண்டையார்பேட்டை அம்மா:
இடம் மாற்றியதைவிட, பாதி ஆட்டத்தில் எடுப்பதைத்தான் நான் கவனிப்பேன். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுவதால், நவம்பர் பிள்ளை தன்னைவிடப் பத்து மாதம் மூத்தவனோடு மோதுகிறான். ஆண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 13, 14 வயதில்தான் உயரம் வேகமாக ஏறும். எலும்பு முந்திக்கொள்ள, தசைநார் இழுபட்டு, முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள மேட்டில் வலி எடுக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். அந்தக் காலத்தில் ஓட்டத்தின் ஒழுங்கும் கொஞ்சம் கெடும், நேற்று வந்த திருப்பம் இன்று வராது. என் மகனுக்கு இப்படி வலித்தபோது, அவன் ஆடிய இடத்தில் "சோம்பேறி" என்று திட்டி முழு ஆட்டமும் ஓடவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்குள் மாடிப்படி இறங்கமுடியாமல் போய்விட்டது. உங்கள் பயிற்சியாளர் உயரத்தை மாதாமாதம் அளந்து, அதற்காகவே ஆட்ட நேரத்தைக் குறைத்திருந்தால் அவர் பிள்ளையைக் காப்பாற்றுகிறார் என்று பொருள். நேரில் கேளுங்கள் அண்ணா, போனில் வேண்டாம்.

வியாசர்பாடி மாமன்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று நேரில் போய் வந்தேன். உயரம் குறித்துவைத்த தாளைப் பயிற்சியாளர் காட்டினார், மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறான். அடுத்த சீசனில் விங்கில்தான் ஆடுவான் என்றும், அதுவரை பந்து வாங்குமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கப் பழகட்டும் என்றும் சொன்னார். அம்மா சொன்ன இடத்தில் அமுக்கிப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டு மாதமாக வலியாம். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். நான் கிளம்புவதற்குள் அங்குள்ள பிசியோவிடம் காட்டிவிட்டோம். அவன் அப்பாவிடம் இன்று இரவு நானே பேசுகிறேன்.