இரண்டு வயதாகியும் பேசவில்லை, எங்கே காட்டுவது?

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, ‘அம்மா’ தவிர ஒரு வார்த்தை இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் டிவியில் விளம்பரம் வந்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். மாமியார் ‘இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான், ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்’ என்கிறார். விருதுநகர் பக்கம் கிராமம். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில் 1: பொறுக்க வேண்டாம் அக்கா. முதலில் காது டெஸ்ட். டிவிக்கு ஓடி வருகிறானே என்று அதை விட்டுவிடாதீர்கள், சில வகைச் சத்தம் மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு. பெரா டெஸ்ட் என்பார்கள், தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள், வலிக்காது.

பதில் 2: அங்கன்வாடிக்கு ஆர்பிஎஸ்கே டாக்டர் குழு வரும், குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-இல் ஆரம்பித்த அரசுத் திட்டம் அது. அவர்களிடம் சொன்னால் மாவட்டத்தில் இருக்கிற டிஇஐசி மையத்துக்கு, அதாவது வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளைச் சீக்கிரமே கவனிக்கிற மையத்துக்கு, எழுதிக் கொடுப்பார்கள். பேச்சுப் பயிற்சிக்குக் காசு கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும்.

பதில் 3: பயிற்சி அங்கே கொஞ்ச நேரம்தான், மீதி வீட்டில்தான் நடக்கணும். பிஸ்கட்டை உடனே நீட்டாமல் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ‘தா’ என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்துங்கள், கையை நீட்டினாலோ முகத்தைப் பார்த்தாலோ கூட கொடுத்துவிடுங்கள். செல்போன் வேண்டாம். அப்புறம், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்டால்தான் நம்புவார்.