இளையர் எழுதும் நகைச்சுவை நாடகத்தில் குறையை எப்படிச் சொல்வது?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இளையர்களே எழுதி நடிக்கும் நகைச்சுவை மாலை ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறோம். ஒரு நாடகத்துக்கு 5 நிமிடம். வந்திருக்கும் 7 பிரதிகளையும் படித்துக் கருத்துச் சொல்வது என் பொறுப்பு.

சென்ற முறை தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்தியின் பிரதியில் "சிரிப்பு வரவில்லை" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அதன்பின் அவள் எழுதவே இல்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

இப்போது கையில் இருப்பது தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) உள்ள தம்பி ஒருவர் எழுதியது. உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து மேசை பிடிக்கிறோமே, அதுதான் கரு. ஒரு தாத்தா அதே பொட்டலத்தை எம்ஆர்டி ரயில் இருக்கையில் வைக்கிறார், முடிதிருத்தும் கடை நாற்காலியில் வைக்கிறார், கடைசியில் பேத்தியின் திருமண மேடையில் மாப்பிள்ளை நாற்காலியிலேயே வைத்துவிடுகிறார். அருமையான கற்பனை! ஆனால் மொத்தம் 11 பக்கம், அதில் முதல் 3 பக்கம் குடும்ப அறிமுகம். நடுவே, தமிழ்நாட்டிலிருந்து வந்த துப்புரவு ஊழியர் ஒருவரின் ஆங்கிலத்தைக் கேலி செய்து ஒரு முழுப் பக்கம். மனம் நோகாமல் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

காப்பிஓ கோசோங்:
அக்கா, நீங்கள் சொல்ல நினைப்பதில் பாதியை வாசிப்பே சொல்லிவிடும். பிரதியை முன்பு பார்த்திராத இருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் வாசிக்க வேண்டாம். மனத்தில் இருக்கும் தொனியை அவர் குரலில் சேர்த்துவிடுவார். அது தாளில் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாமல் போகும். அவர் பென்சிலோடு உட்கார்ந்து, சிரிப்பு வந்த வரியில் மட்டும் கோடு போடட்டும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பழகிய கணக்கு. 11 பக்கம் 5 நிமிடத்தில் அடங்காது என்பதைக் கடிகாரமே காட்டிவிடும்.

பழைய தமிழாசிரியர்:
அந்தக் கேலியைப் பற்றிச் சொல்கிறேன். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் இடங்கள் நான்கைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்கிறது. சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பதே மடன் என்பது பழைய உரை. உங்கள் தாத்தா அப்படியே அதுதான்! அவரை நேசித்துக்கொண்டே சிரிக்கிறோம். ஊழியர் வரும் பக்கம் வெறும் எள்ளல். அரங்கில் அவரைப் போன்றவர்களும் அமர்ந்திருப்பார்கள்.

தம்பியைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். "அந்த ஊழியருக்கு இந்தக் காட்சியில் என்ன சிக்கல்?" என்று கேளுங்கள். மேசையைத் துடைக்க வருகிறவர் பொட்டலத்தை எடுப்பதா, விடுவதா? அதிலேயே நாடகம் இருக்கிறது. இதை மட்டும் தனியாக வைத்துப் பேசுங்கள், மற்றவர் முன்னிலையில் வேண்டாம்.

பிடோக் மல்லிகை:
நானும் எழுதுகிறவள். "நன்றாக இருக்கிறது" என்ற பாராட்டு எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. எந்த வரியில் சிரித்தார்கள், எங்கே கதை புரியாமல் விழித்தார்கள் என்று சொன்னதுதான் உதவியது. ஒரு வேண்டுகோள்: வசனத்தை நீங்களே மாற்றி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். என்னுடையதைவிடச் சிறப்பாகவே இருந்தாலும், அதன்பிறகு அது என் நாடகமாக எனக்குத் தோன்றாது.

ஈசூன்வாசி:
நேற்றிரவு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்தோம். முதல் 3 பக்கத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. தம்பி தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பொட்டலம் வைக்கும் இடத்திலிருந்தே தொடங்கிவிடட்டுமா?" என்று அவராகவே கேட்டார்.

ஊழியரைப் பற்றிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது கேட்டேன். பஸ் வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று இரவெல்லாம் கவலைப்பட்டேன். இன்று காலை புதிய பக்கம் வந்தது. ஊழியர் பொட்டலத்தைத் தூக்குகிறார், அடியில் துடைக்கிறார், இருந்த இடத்தில் இருந்த சாய்விலேயே திரும்ப வைக்கிறார். தாத்தா எழுந்து நின்று அவருக்குக் கைகூப்புகிறார். வசனமே கிடையாது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த மாணவியின் பழைய பிரதியையும் தேடி எடுத்தேன். நான் சிரித்த வரிகள் அதில் இரண்டு இருக்கின்றன. அவை எவை என்று இன்று அவளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.