நடுவில் டீக்கடை இருக்குமா? அமெரிக்காவைக் காரில் குறுக்கே கடக்கக் கிளம்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

குடவாசலில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எதிரே சம்பா பச்சைப் பசேலென்று நிற்கிறது. சித்தப்பா மகள் அமெரிக்கா போய் ஏழு மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளைக்கு நியூ ஜெர்சியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வேலை மாற்றல். "டிசம்பர் கடைசியில கார்லயே போயிடலாம்னு இருக்கோம்க்கா" என்று நேற்று போனில் சொன்னாள். ரெண்டு வயசுக் குழந்தையோடு. பக்கத்தில் இருந்த சித்தி கேட்ட முதல் கேள்வி: "நடுவுல டீக்கடையெல்லாம் இருக்குமாடி?"

பதினாறு வருஷமாக அங்கே இருக்கிறேன். இந்தத் தூரத்தை மூன்று முறை காரில் கடந்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வியை சித்திதான் கேட்டார் என்று எனக்குப் படுகிறது. நம் பிள்ளைகள் மைல் கணக்கு, பெட்ரோல் செலவு எல்லாம் போட்டுவிடுவார்கள். ஆள் அரவமே இல்லாத தூரம் என்று ஒன்று இருப்பது மட்டும் அவர்கள் மனசில் ஏறாது. நாம் வளர்ந்த மண் அப்படி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தால் அது தனிக் கணக்கு. ஆனால் அந்த வழியில் எந்த இடத்தில் வண்டி நின்றாலும் நாலு பேர் வந்து "என்னாச்சு?" என்பார்கள். கூப்பிடு தூரத்தில் பஞ்சர் கடை இருக்கும். அந்தப் பழக்கத்தோடு அங்கே கிளம்பக் கூடாது.

தூரத்தை நம் கணக்கிலேயே சொல்கிறேன். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை காவிரி ஓடுவது சுமார் 800 கிலோமீட்டர். நியூ ஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேராகப் போகும் ஐ-80 நெடுஞ்சாலையில் நெப்ராஸ்கா என்ற ஒரே ஒரு மாநிலத்தைக் கடக்கவே 455 மைல், அதாவது 730 கிலோமீட்டர். நியூ ஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 2,900 மைல். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போவதைவிட ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல். போனில் வரைபடம் 43 மணி நேரம் என்று காட்டும். அது இறங்காமல், சாப்பிடாமல், தூங்காமல் ஓட்டினால். 43-ஐ மூன்றால் வகுத்து மூன்று நாள் என்று கணக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரியவர்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் ஒரு நாளைக்கு 500 மைல் போதும். குழந்தை இருந்தால் 400 சொச்சத்தோடு நிறுத்துங்கள்.

அடுத்தது தேதி. டிசம்பரில் ஐ-80 வேண்டவே வேண்டாம். வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே நூறு மைல் இருக்கிறது. காற்றும் பனியும் அங்கே சாலையை மூடிவிடும். பழைய நெடுஞ்சாலை மெடிசின் போ ஊர் வழியாக வடக்கே சுற்றிப் போனது. புதிய சாலையை எல்க் மலை ஓரமாக நேராகப் போட்டு 1970-ல் திறந்தார்கள். அந்தப் பக்கம் பனி எப்படி அடிக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் முன்னாடியே எச்சரித்திருந்தார்கள். எங்கள் முதல் பயணம் அக்டோபர் கடைசியில். லாரமியில் காலையில் கிளம்பும்போது சாலைக்குக் குறுக்கே கேட்டை இறக்கிவிட்டார்கள். ரெண்டு ராத்திரி மோட்டலில் கிடந்தோம். முந்தின நாளே 511 என்ற எண்ணுக்குப் போன் போட்டிருந்தால் சாலை நிலவரம் தெரிந்திருக்கும். எந்த மாநிலத்துக்குள் நுழைந்தாலும் சாலை நிலவரத்தைப் பாருங்கள், காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. டெக்சாஸ் மாதிரி சில மாநிலங்களில் 511 கிடையாது, அங்கே அந்த மாநிலச் சாலைத் துறையின் இணையதளத்தைப் பாருங்கள்.

தங்கச்சிக்கு நான் முதலில் சொன்னது, "விமானத்தில் போ, காரை லாரியில் ஏற்றி அனுப்பு." மாற்றல் கொடுக்கிற கம்பெனி சில நேரம் அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளும், வாய் திறந்து கேட்க வேண்டும். காரை அனுப்பும்போது முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். வண்டியை ஒப்படைப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கைக்குழந்தையும் குளிர்காலமும் சேர்ந்தால் என் முடிவு இதுதான். ஆனால் அவர்களுக்கு நாட்டைப் பார்க்க ஆசை. அந்த ஆசை எனக்குப் புரியாதது இல்லை. அதனால் தெற்கு வழியைச் சொன்னேன்.

நியூ ஜெர்சியிலிருந்து ஐ-78, பிறகு ஐ-81 பிடித்து வர்ஜீனியா முழுக்க இறங்கி, டென்னசியில் ஐ-40-ல் சேருங்கள். அது நேராக மேற்கே கலிபோர்னியாவின் பார்ஸ்டோ வரை கொண்டுபோய்விடும். சுமார் 200 மைல் சுற்று. ஒன்பது நாளாகப் பிரித்தோம். ரோனோக், நாஷ்வில், லிட்டில் ராக், ஓக்லஹோமா சிட்டி, அமரில்லோ, அல்புகர்க்கி, ஃப்ளாக்ஸ்டாஃப், பார்ஸ்டோ, பிறகு வீடு. நாஷ்வில்லில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, அங்கே ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகட்டும் என்று சித்தி சொல்லிவிட்டார். தெற்கு வழி என்பதால் பனியே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஃப்ளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி, ஊட்டி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு நாளைக் கையில் உபரியாக வைத்திருங்கள். பனி பெய்தால் அல்புகர்க்கியிலேயே தங்கிவிடலாம்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மெம்பிஸில் மிசிசிப்பி ஆற்றைப் பாலத்தில் கடந்தால் அர்கன்சாஸ். அங்கிருந்து லிட்டில் ராக் வரை சுமார் 135 மைல். இரண்டு பக்கமும் தட்டையான வண்டல் நிலம். அந்தப் பகுதியை அங்கேயும் டெல்டா என்றுதான் சொல்கிறார்கள். நெல்! அமெரிக்காவில் விளையும் நெல்லில் பாதிக்குக் கிட்டத்தட்ட அந்த ஒரு மாநிலத்தில்தான் விளைகிறது. முதல் தடவை பார்த்தபோது வண்டியை ஓரமாக ஒரு ஊருக்குள் விட்டு இறங்கி நின்றேன். வரப்புகள் நம் ஊர் மாதிரி சதுரமாக இருக்காது, மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி வளைந்து வளைந்து போகும். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது, நேரடி விதைப்புதான். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து, ஆகஸ்ட் தொடங்கி அக்டோபருக்குள் அறுத்துவிடுவார்கள். ஒரு போகத்தோடு சரி. ஆற்று முறை இல்லை, பெரும்பாலும் நிலத்தடி நீர் இறைக்கிறார்கள். நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது என்ற கவலை அங்கேயும் உண்டு. டிசம்பரில் போனால் அறுத்த தாளடியில் தண்ணீர் கட்டியிருப்பார்கள். நடவுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், வாத்துகள் வந்து இறங்குவதற்காக. அங்கே ஸ்டுட்கார்ட் என்ற ஊரில் 1921-ல் விவசாயிகளே சேர்ந்து தொடங்கிய நெல் கூட்டுறவு இன்றும் நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்து தார்ப்பாய் போர்த்திக் காத்திருந்த அப்பாவின் மகள் நான். அந்தச் செய்தி எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. அந்த நாளில் மட்டும் மெதுவாகப் போங்கள். லிட்டில் ராக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்ரோல். நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் போடச் சட்டம் அனுமதிக்காது, பங்க் ஆள் வந்து போடுவார். அதனால் ஏழு மாதம் கார் ஓட்டியும் தங்கச்சிக்குப் பம்பைப் பிடிக்கத் தெரியாது. பென்சில்வேனியா எல்லையைத் தாண்டியதும் எல்லாம் நம் கைதான். கார்டைச் செருகினால் வீட்டு முகவரியின் அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். 87 என்று போட்டிருப்பது சாதாரண பெட்ரோல். மலை மாநிலங்களில் 85 என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும், உங்கள் கார் புத்தகம் 87 என்று சொன்னால் அதையே போடுங்கள். டீசல் குழாயைத் தவறி எடுக்காமல் எழுத்தைப் படித்துப் பார்த்துப் போடுங்கள். மிசிசிப்பிக்கு மேற்கே போனபிறகு பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுங்கள். "அடுத்த ஊர்ல போட்டுக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

பழைய கார் வாங்கியிருப்பவர்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் விட்டு டயர், பேட்டரி, பிரேக், கூலன்ட் பார்த்துவிட வேண்டும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல புதுக் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, ஓட்டையை அடைக்கும் திரவமும் சின்னப் பம்பும்தான் கொடுத்திருப்பார்கள். காற்று எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும். கண்ணாடி கழுவும் தண்ணீருக்குப் பதில் உறையாத திரவம் ஊற்றுங்கள். வண்டி நின்றால் இழுத்துப்போக வரும் சேவை உங்கள் காப்பீட்டில் உண்டா, எத்தனை மைல் வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கியில் கம்பளியும் குடிதண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

வழியில் ஒன்று கவனியுங்கள். வெளியேறும் வழிகளின் எண் பெரும்பாலான மாநிலங்களில் மைல் கணக்குதான், மேற்கு எல்லையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேற்கே போகிற உங்களுக்கு எண் இறங்கிக்கொண்டே வரும். எண் 90 என்றால் மாநிலம் முடிய 90 மைல். சாயங்காலம் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், இருட்டும் நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும். மான் குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராக பிரேக் பிடியுங்கள். அதனால் விடியற்காலையில் கிளம்பி நாலரைக்குள் அறைக்குப் போய்விடுவதுதான் என் வழக்கம். மேற்கே போகப் போக மூன்று இடத்தில் ஒவ்வொரு மணி நேரம் கிடைக்கும். அந்த மணி நேரத்தையும் ஓட்டுவதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், தூங்குங்கள்.

போலீஸ் வண்டி பின்னால் விளக்குப் போட்டால் வலது ஓரம் நிறுத்துங்கள். ஊரில் நாம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கி எஸ்.ஐ.யிடம் நடந்து போவோம். அங்கே அது ஆபத்து. இறங்கவே கூடாது. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரிய வேண்டும். அவர் கேட்ட பிறகு, "உரிமம் டேஷ்போர்டில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். பாஸ்போர்ட், ஐ-94 என்ற வருகைப் பதிவுத் தாள், விசா ஒப்புதல் தாள் மூன்றும் கையோடு இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. தெற்கே ஐ-10 வழியாகப் போகிறவர்களை மெக்சிகோ எல்லைப் பக்கம் நடுவழியிலேயே நிறுத்திக் கேட்பார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது எந்த மாநிலத்திலும் கூடாது, அதற்கான இருக்கையில் பெல்ட்டோடுதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி ஓடவிடுங்கள்.

மன்னார்குடித் தம்பி ஒருவர், நம் ஊர் உரிமத்தை வைத்து வாடகைக் கார் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு தம்பி. இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இப்போதே எடுத்துவிடுங்கள். ஒரு வருஷம் செல்லும், அசல் உரிமத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். 25 வயசுக்குள் என்றால் வாடகை கூடும். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம். சுங்கச்சாவடிக் கட்டணத்தை எப்படிப் பிடிப்பார்கள் என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

சாப்பாடு சித்தியின் பொறுப்பாகிவிட்டது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எள்ளுப்பொடி, காய்ந்த நார்த்தங்காய். அரிசி வேகவைக்கும் சின்னக் குக்கரை அங்கேயே வாங்குங்கள், நம் ஊர் 230 வோல்ட் சாமான் அங்கே 120 வோல்ட்டில் உதவாது. ராத்திரி அறையில் சாதம் வடித்துச் சாப்பிட்டு, காலையில் மறுபடி வடித்துப் புளிக்காய்ச்சல் கலந்து டப்பாவில் எடுத்துக்கொண்டால் மதியம் கவலையில்லை. ஒன்று மட்டும் முக்கியம். கலிபோர்னியா எல்லையில் நீட்ல்ஸ் அருகே வண்டியை நிறுத்தி, செடி, பழம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கறிவேப்பிலைக் கன்றும் கொண்டு போகாதீர்கள். எலுமிச்சை வகை மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். நியூ ஜெர்சி வீட்டில் ஆசையாக வளர்த்த கன்றை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வருத்தமாக இருக்கும், தெரியும்.

போய்ச் சேர்ந்து குடியேறியதும் பத்து நாளுக்குள் கலிபோர்னியா உரிமத்துக்கும், இருபது நாளுக்குள் வண்டிப் பதிவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒன்பது ஊர்ப் பெயரையும் ஒரு தாளில் எழுதி சித்தியிடம் கொடுத்திருக்கிறேன். காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டார். தங்கச்சி தினமும் அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு, வந்து சேர்ந்த ஊரின் பெயரை மட்டும் அனுப்பினால் போதும் என்று பேச்சு. முதல் நாள் அது இங்கே விடிகாலை நாலரை, மார்கழிக் கோலத்துக்குச் சித்தி எழுந்திருக்கும் நேரம். கலிபோர்னியா போய்ச் சேரும்போது காலை ஏழரை ஆகியிருக்கும்.