கார்னர்ல மட்டும் கோல் வாங்குதோம், எங்க தப்பு?

வள்ளவிளை_ஸ்டாப்பர்:
தூத்தூர் பக்கம் 17 வயசுக்குள்ள உள்ள பயலுவ ஃபுட்பால் டீம். ஓடுற ஆட்டத்துல பேக் லைன், அதான் பின்னால தடுக்குற வரிசை, ஒழுங்காத்தான் நிக்குது. கார்னர், சைடு ஃப்ரீ கிக் வந்தா மொத்தமா கலைஞ்சு போவுது. இப்ப செய்யுறது: ஆளுக்கு ஆள் மார்க்கிங், ரெண்டு போஸ்ட்லயும் ஒவ்வொருத்தன், 10 பேரும் பாக்ஸுக்குள்ள. உயரமான ஆளு இல்ல. ஆனா முதல் ஹெட் பெரும்பாலும் நம்ம பயதான் அடிக்கான், அதுக்குப் பெறவுதான் கோல் விழுது. ஆளை மாத்தணுமா, நிக்கிற முறையை மாத்தணுமா?

குளச்சல்_4:
முதல் ஹெட் உங்க பயதான் அடிக்கான்னா உயரத்தைக் குறை சொல்லாதீங்க. கோல் வாறது ரெண்டாவது பந்துல. 10 பேரும் உள்ள கிடந்தா, வெளிய வாற பந்து டி-கிட்ட, அதான் பெனால்டி பாக்ஸ் முன்னால உள்ள வளைவுகிட்ட, சும்மா நிக்கிற எதிராளி காலுக்குத்தான் போகும்.

இப்படிப் பிரிச்சுப் பாருங்க. 5.5 மீட்டர் பாக்ஸ் கோட்டுல 4 பேர் இடத்தைக் காக்கணும்: முதல் போஸ்டுக்கு நேரா ஒருத்தன், நடுவுல 3 பேர். நல்லா ஹெட் அடிக்கிற பயலுவளை முதல் போஸ்டுக்கும் கோலிக்கு (கோல்கீப்பர்) நேர் முன்னாலயும் போடுங்க. எதிர் டீமோட முக்கியமான 3 பேரை ஆளுக்கு ஆள் பிடிக்க 3 பேர். பாக்ஸ் விளிம்புல ஒருத்தன். ஷார்ட் கார்னருக்கு ஓட ஒருத்தன். மேல, எதிர் கோல் பக்கமா, ஒருத்தன். ஆக 10.

மார்க் பண்ணுறவன் செய்யுற பெரிய தப்பு, பந்தை மட்டும் பாத்து ஆளுக்கு முதுகு காட்டுறது. உடம்பைச் சரிச்சு நிக்கணும், ஆளும் பந்தும் ஒரே பார்வையில விழணும். ஆளுக்கும் கோலுக்கும் நடுவுல, ஒரு கை தூரத்துல நிக்கட்டும். தொட்டுப் பாக்கலாம், சட்டையைப் பிடிச்சா பெனால்டி.

இன்னொண்ணு, வழிமறிப்பு. 2018 உலகக் கோப்பையில இங்கிலாந்து அடிச்ச 12 கோல்ல 9, பெனால்டியும் சேர்த்து, செட் பீஸ்ல (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி பந்தை நிறுத்தி வச்சு அடிக்கிறது) வந்தது. ஒருத்தன் பின்னால ஒருத்தன் ரயில் மாதிரி வரிசையா நின்னு, பந்து கிளம்பும்போது நாலா பக்கமும் பிரிவானுவ. மார்க் பண்ணுறவன் எவன்மேலயாவது மோதி நின்னுருவான். மறிச்சா “மாத்து”ன்னு ஒரே சத்தம், ஆளை மாத்திக்கிடணும். அதைப் பிராக்டிஸ்லயே சொல்லிப் பழக்குங்க.

கோலி_1:
மேல சொன்னதுல காத்தை விட்டாச்சு. தென்மேற்குப் பருவத்துல கடலோர கிரவுண்டுல ரெண்டு கார்னரும் ஒண்ணில்ல. கிரவுண்டோட நீளக் கோட்டுக்கு இணையா கடல் இருந்தா, கடல் பக்க கார்னர் காத்தோட சேர்ந்து பின் போஸ்டையும் தாண்டிப் போகும். ஊர் பக்க கார்னர் காத்துல முட்டி முதல் போஸ்டுக்கு முன்னாலயே குத்தி விழும். முதல்ல சொன்னதுக்கு கோலி நடுவுல இருந்து ஒரு எட்டு பின்னால, நடுவுல உள்ள 3 பேரும் பின் போஸ்ட் பக்கமா நகரணும். ரெண்டாவதுக்கு எல்லாரும் ஒரு எட்டு முன்னால.

போஸ்ட்ல ஆள் நிக்கதுல எனக்கு எதிர்ப்பில்ல, ஆனா ஒண்ணு போதும். கார்னர்ல நேரா வாற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, ரெண்டாவது பந்துக்கு உண்டு. பந்தை வெளிய தள்ளின பெறவும் அவன் போஸ்ட்டையே கட்டிப்பிடிச்சுட்டு நின்னா, எதிராளி பூரா ஆன்சைடு. செவன்ஸ்ல (ஏழு பேர் ஆட்டம்) பெரும்பாலும் ஆஃப்சைடு பாக்கதில்ல, அதுல வளந்த பயலுவளுக்கு வெளிய ஓடுற பழக்கமே வராது. கோலி “ஏறு”ன்னு கத்துன உடனே எல்லாரும் சேர்ந்து ஏறணும். ஒருத்தன் தங்கினாலும் வீண்.

வள்ளவிளை_ஸ்டாப்பர்:
ரெண்டாவது பந்து விஷயம் சரியாப் பொருந்துது. சைடு ஃப்ரீ கிக்குக்கு லைன் எங்க நிறுத்தணும்? எங்க பயலுவ அடிக்கதுக்கு முன்னாடியே பின்னால ஓடுதானுவ.

நாஞ்சில்_பேக்:
அதான் தப்பு. சீக்கிரம் இறங்கினா கோலி முன்னால நெரிசல், அவன் வெளிய வர வழியில்ல. பந்து 35 மீட்டர் தூரத்துல இருந்தா லைன் 16.5 மீட்டர் கோட்டுல. பாக்ஸ் பக்கத்துல இருந்தா பெனால்டி புள்ளி அளவுல. அடிக்கிறவன் கடைசி எட்டு வைக்கும்போது இறங்கினா போதும். ஒருத்தன் மட்டும், கோலி இல்ல, நடு ஸ்டாப்பர்தான், குரல் குடுக்கணும். ரெண்டு குரல் வந்தா லைன் உடையும்.

சுவர், அதான் ஃப்ரீ கிக்கை மறிக்க வரிசையா நிக்கிற ஆளுவ: நேரா 20-25 மீட்டர்னா 4 அல்லது 5 பேர், சைடுல 2 பேர் போதும். பந்துக்குப் பின்னால கோலி இல்லாத வேற ஒரு பய நின்னு, சுவரோட வெளி ஆளுக்கு அடுத்தவனைப் போஸ்ட்டுக்கு நேரா நிறுத்தட்டும். வெளி ஆளு வளைஞ்சு வாற பந்துக்கு. இதைக் கோலியே போஸ்ட் ஓரம் போய் சரி பண்ணிட்டு இருந்தா ஆபத்து, எதிர் டீம் 9.15 மீட்டர் கேக்காம சட்டுனு அடிக்கலாம், விசில் தேவையில்ல. 2019 சாம்பியன்ஸ் லீக்ல லிவர்பூல் பார்சிலோனாவுக்கு எதிரா கடைசி கோலை அப்படி ஒரு கார்னர்லதான் அடிச்சுது. டிஃபன்ஸ் பந்தைப் பாக்காம நின்ன நேரம்.

சுவர்ல குதிக்கச் சொன்னா அடியில பந்து வரும். அதுக்குத்தான் பின்னால ஒருத்தனைப் படுக்கப் போடுறது. 17 வயசு பயலுவளுக்கு அவ்வளவு வேண்டாம், கை உடம்போட ஒட்டி, முகத்தைத் திருப்பாம நின்னாலே பாதி வேலை முடிஞ்சுது.

குளச்சல்_4:
மேல ஒருத்தனை விடுங்கன்னு சொன்னேன், அதை வேண்டாம்னு சிலர் சொல்லுவாங்க. அவனுக்காக எதிர் டீம் 2 பேரைப் பின்னால வைக்கணும், அப்ப பாக்ஸுல அவங்க ஆளு குறையும். ஓடத் தெரிஞ்ச பயலைப் போடுங்க.

பயிற்சி: வாரத்துல 2 நாள், 15 நிமிஷம். முதல்ல எதிராளி இல்லாம 5 பந்து, இடம் மட்டும் பழக. பெறவு ரெண்டு பக்கமும் 10 பந்து வீதம். கோல் எண்ணாதீங்க, முதல் ஹெட் ஓரமாப் போச்சா நடுவுல விழுந்துச்சா, லைன் ஏறிச்சான்னு எண்ணுங்க. நடுவுல விழுந்தா அதே பந்தைத் திரும்பப் போடுங்க.