[கலைச்சொல்] குருதி–மூளைத் தடை: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:
வணக்கம். செவிலியர் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மனச்சோர்வுப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "நாட்பட்ட மன அழுத்தம் இரத்த மூளைத் தடையில் கசிவை உண்டாக்கி மன அழுத்தத்துக்கு வழிவகுக்கிறது." வரைவைப் பார்த்தவர்கள், மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டுப் பக்கவாதம் வருவதாகப் புரிந்துகொள்கிறார்கள். நான் சொல்வது blood–brain barrier, அதாவது இரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழையாமல் காக்கும் நுண்குழாய்ச் சுவர். மாற்றுச் சொல் தாருங்கள்.

ம. எழுதியது:
குருதி இருக்க இரத்தம் எதற்கு? ரகரம் மொழிமுதல் வாராது என்று இகரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திய வடசொல் அது. 'தடை'யும் வேண்டாம். காப்பது அரண், ஆகவே 'குருதிமூளை அரண்'. இன்னும் நுட்பம் வேண்டுமென்றால் 'இஞ்சி' இருக்கிறது. மதிலுக்குப் பழம்பெயர். செம்பை உருக்கி வார்த்து இடுக்கை அடைத்த மதில். இஞ்சுதல் என்றால் இறுகுதல், வேர் அதுவே என்பது என் துணிபு. நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே கிளாடின்-5 புரதம் செய்வதும் இதே வேலைதானே?

த. எழுதியது:
ஐயா, 'மூளை இஞ்சி' என்று அச்சிட்டால் பிள்ளைகள் சுக்குக் காப்பியைத்தான் நினைப்பார்கள்.

அரணிலும் ஒரு சிக்கல். இந்தச் சுவர் சும்மா நிற்பதில்லை. குளுக்கோஸைக் குளூட்-1 என்ற கடத்திப் புரதம் உள்ளே விடுகிறது. மூளையின் செய்திப்பொருளான செரோட்டோனின் இரத்தத்திலிருந்து நுழைய முடியாது. அதன் மூலப்பொருளான டிரிப்டோபேன் லாட்-1 என்ற இன்னொரு கடத்தி வழியாக நுழையும். பார்க்கின்சன் நோய்க்கு, நுழைய முடியாத டோபமைனுக்குப் பதில் அதன் மூலப்பொருளான லெவோடோபா கொடுப்பதும் இதனால்தான். பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற வெளியேற்றும் புரதம், நுழைந்த மருந்துகளில் பலவற்றை செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துத் திரும்ப இரத்தத்துக்கே தள்ளுகிறது. மனச்சோர்வு மருந்துகள் சிலவும் அதில் சேரும்.

எனக்குத் 'தடை'யைவிடக் 'கசிவு' தான் கவலை. மூளையில் கசிவு என்றால் வார்டில் எல்லாருக்கும் ரத்தக்கசிவுதான். இங்கே ரத்தம் கசியவில்லை. கிளாடின்-5 இல்லாமல் பிறந்த சுண்டெலிகளை 2003இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 800 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) எடைக்குக் குறைந்த சிறு மூலக்கூறுகள் மட்டும் மூளைக்குள் புகுந்தன. ரத்தப்போக்கும் இல்லை, வீக்கமும் இல்லை. (குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் இறந்துவிட்டன, அது வேறு.) 'தளர்வு' என்று போடுங்கள்.

'உண்டாக்கி' என்பதும் அதிகப்படி. நியூயார்க் மவுண்ட் சினாய் குழு 2017இல் காட்டியது ஆண் சுண்டெலியில். முரட்டு எலியிடம் 10 நாள் அடிபட்டவற்றில், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் கிளாடின்-5 குறைந்தது, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 உள்ளே புகுந்தது. மனச்சோர்வோடு இறந்தவர்களின் மூளையிலும் அதே பகுதியில் கிளாடின்-5 குறைவு. ஆனால் இறந்தபின் எடுத்த திசு எது முதலில் வந்தது என்று சொல்லாது. பெண் சுண்டெலியில் தளர்ந்த இடம் முன்மூளைப் புறணி என்று 2022இல் வந்தது. 'தொடர்புடையது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

க. (யாழ்ப்பாணம்) எழுதியது:
குருதி எங்களுக்குப் பள்ளிக்கூடச் சொல்தான், ஒருவரும் முழிக்க மாட்டினம். அதைவிட, செ. அக்கா, உங்கட வசனத்தில் மன அழுத்தம் மன அழுத்தத்துக்கே வழிவகுக்குது! முதலாவது நெருக்கீடு, இரண்டாவது மனச்சோர்வு. ரெண்டுக்கும் ஒரே சொல் போட்டால் காரணமும் நோயும் ஒன்றாகிப் போகும்.

செ. எழுதியது:
நெருக்கீடு இங்கே யாருக்கும் தெரியாது தம்பி. முதலாவது 'மன அழுத்தம்' என்றே இருக்கட்டும், இரண்டாவதை மாற்றிவிட்டேன்.

த. எழுதியது:
'இரத்த–மூளை இடைத்தடுப்பு' எப்படி? 'இரத்தமூளை' என்று ஒன்று இருப்பதுபோல் படிக்கிற வாய்ப்பை 'இடை' அடைத்துவிடும். தடுப்பு என்றால் அடைப்பு என்று யாரும் எடுக்க மாட்டார்கள்.

க. எழுதியது:
'குருதி–மூளை இடைத்தடுப்பு' என்றால் என் வாக்கு உண்டு.

செ. எழுதியது:
நான்கு பேர் 'இடைத்தடுப்பு' என்கிறீர்கள், தனிமடலில் வந்த இரண்டையும் சேர்த்து. இரத்தமா குருதியா என்பதில் இழுபறி. மாணவர் ஊசி போடும்போது சொல்வது இரத்தம், அதையே வைக்கிறேன். அச்சுக்குப் போகும் வரி: "நாட்பட்ட மன அழுத்தத்தில் இரத்த–மூளை இடைத்தடுப்பு சில பகுதிகளில் தளர்வது விலங்காய்வில் தெரிகிறது, மனச்சோர்வோடு இதற்குத் தொடர்பு காணப்படுகிறது."

ம. எழுதியது:
இடைத்தடுப்பு என்பது அலுவலகத்தில் மேசைக்கு மேசை வைக்கும் பலகை. ஒப்பவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் 'அரண்' பற்றித் தனி இழை தொடங்குகிறேன். மதிலுக்கு 'எயில்' என்று இன்னொரு பழம்பெயரும் இருக்கிறது.