எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரம்

போன வருடம் நான்கு மாதம் போல எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் ஒருவர் சொன்ன ஒரு சொல், அதற்கு நான் சொல்லாமல் விட்ட பதில், மறுபடியும் அதே சொல். படுத்தால் மனசு செக்குமாடு போல அதையே சுற்றும். மனநல மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் கொஞ்ச நேரம் மரம் செடி இருக்கிற இடத்தில் போய் உட்காருங்கள், நடக்கக்கூட வேண்டாம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு வேதனைக்கு மரத்தடியா மருந்து?

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இடம்தான் மாறியது, யோசனை அதேதான். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, காலடியில் சில எறும்புகள் ஒரு பட்டாம்பூச்சியின் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போயின. இறக்கை பாய்மரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. காற்று அடித்தால் அப்படியே சாயும், எறும்புகளும் கூடவே புரளும். அப்புறம் மறுபடி நிமிர்த்தும். குறுக்கே ஒரு வேர் வந்தது. ஏறிப் பார்த்தன, முடியவில்லை, சுற்றிக்கொண்டு போயின. கடைசியில் அந்த இறக்கை மண்ணுக்குள் மறையும்வரை பார்த்துவிட்டு எழுந்தபோதுதான் உறைத்தது: அரை மணி நேரமாக அந்தச் சொல் எனக்கு ஞாபகமே வரவில்லை. மாதக்கணக்கில் அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2015இல் வெளியான, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் சிலரை மரமும் புல்லுமாக இருந்த பாதையில் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள், சிலரை வண்டிகள் ஓடும் சாலையோரத்தில். மரங்களுக்கு நடுவே நடந்தவர்களிடம் அரைத்த மாவையே அரைக்கும் அந்தப் பழக்கம் குறைந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் வேகமும் தணிந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அப்படி இல்லை. ஆக, நடையால் மட்டும் வந்த பலன் இல்லை இது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. மருத்துவர் சொன்ன பிறகுதான் குறைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

* * *

மேலே ஒருவர் எழுதிய எறும்புக் கதையைப் படித்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து முதல் இரண்டு நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார், யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் பக்கம் கட்டில் கிடைத்தது. வெளியே ஒரு மரம். அதில் ஒரு அணில் கூடு கட்ட நார் சுமந்துகொண்டிருந்தது. சாயங்காலம் நான் போனதும் அம்மா முதலில் சொன்னது, "இன்றைக்குப் பதினாறு தடவை வந்தது." ரோஜர் உல்ரிக் என்பவர் 1984இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை ஆனவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

* * *

மேலே இருவர் எழுதியதையும் படித்தேன். நானோ படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவள். தினமும் அரை மணி நேரம் வெளியே போவதெல்லாம் எனக்கு நடக்காத காரியம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்த பிறகுதான் நிம்மதி. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு இருந்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதை ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் இல்லையாம். அதனால் கிடைக்கிற பத்து நிமிடத்தை விடுவதில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிடுவேன். நேற்று மழை விட்டதும் போனேன். ஒரு நத்தை ஈரச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கிளம்பும்போது பாதிச் சுவர்தான் தாண்டியிருந்தது. இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தேன். சுவரின் உச்சிவரைக்கும் பளபளவென்று ஒரு கோடு.