மும்பையில் மேடையேறிய தமிழ் நாடகக் காகிதங்கள்: உதவி தேவை

மாட்டுங்கா, சயான் பக்கம் பழைய தமிழ் நாடகங்களில் நடித்தவர்கள், பார்த்தவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் உதவுங்கள்.

என் பெரியப்பா கவிஞர். 1960களில் இங்கே நாடக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து மேடைக்கு எழுதினார். வசனம் நண்பருடையது, பாட்டெல்லாம் பெரியப்பா. இருவருமே இப்போது இல்லை. டிரங்குப் பெட்டியில் கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் கிடைத்தன. ஒரு பக்கத்தில் பாட்டை முழுக்கப் பென்சிலால் அடித்துவிட்டு, "இங்கே அவள் பாட வேண்டாம், சும்மா நிற்கட்டும்" என்று நண்பர் எழுதியிருக்கிறார். கீழே பச்சை மையில் பெரியப்பா: "சரி. கடைசி அடியை மட்டும் அடுத்த காட்சியில் வை." அச்சுப் புத்தகத்தில் இந்தப் பேச்சு இருக்காது. ஒரு தாள்கூடப் போய்விடக் கூடாது என்று தவிப்பாக இருக்கிறது.

குண்டூசிகள் துருவேறித் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு இந்த ஊர் மழைக்கால ஈரம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. காகிதப் பராமரிப்பு தெரிந்தவர்கள் மும்பையில் யார்? ஸ்கேன் செய்தபின் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்கலாமென்று இருக்கிறேன். அங்கே கொடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், கூட்டுப் படைப்பென்றால் இருவரில் கடைசியாக மறைந்தவருக்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. எனவே நண்பரின் வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். குடும்பம் முலுண்டுக்கு மாறியதாகக் கேள்வி. விவரம் தெரிந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பெயர்களை அங்கே சொல்கிறேன்.